கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டைக்கு மூன்று டிக்கெட்

பகலவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். குடிப்பதில்லை, வீட்டில் கை ஓங்குவதில்லை, சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. ஆனால் இவையெல்லாம் அவரிடம் இல்லாதவை. இருப்பது என்ன என்று கேட்டால் கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"ரயில் டிக்கெட்டு சமாச்சாரமா? அவர்கிட்ட போய்க் கேளு. கேட்டுக்கினு வந்துடு. அவர் சொன்னத மட்டும் செஞ்சிடாத."

மணலியிலிருந்து சடையங்குப்பம் போகும் சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி வந்து மேடைமேல் நிற்கும், கண்ணாடிக்குப் பின்னால் எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிலைக்கும், பகலவன் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். வேலைக்குப் போவது சைக்கிளில். ரயிலில் ஏறுவது வருடத்துக்கு மூன்று நான்கு முறை இருந்தால் அதிகம். கடலைப் பார்க்காதவன் கப்பல் சாஸ்திரம் பேசுவதுபோலத்தான் அது. ஆனால் அப்படிப் பேசுகிறவர்களுக்குத்தான் சந்தேகம் குறைவாக இருக்கும்.

இந்தக் கோளாறு எப்போது தொடங்கியது என்று அவர் மனைவி ரமாபாய்க்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இருவரும் ஜோலார்பேட்டைக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார்கள். கையில் டிக்கெட் இருந்தது. ஆனால் அந்த டிக்கெட் அந்த வண்டிக்குச் செல்லாது என்றார் பரிசோதகர். இது சூப்பர்ஃபாஸ்ட், இதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். பகலவன் பணிவாகத்தான் கேட்டார்: "சார், இந்த வண்டி வந்ததே அரை நாள் லேட்டு. இது எப்படி சார் சூப்பர்ஃபாஸ்ட்டு?" பரிசோதகர் ரசீதிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "அது வண்டியோட பேரு. குணம் இல்ல."

அந்தப் பதில் பகலவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறொருவராக இருந்தால் அபராதத்துக்காக வருந்தியிருப்பார். இவர் காசைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு பொருளுக்கு விலை இருக்கலாம். ஒரு பெயருக்கு எப்படி விலை இருக்கும் என்று ஜோலார்பேட்டை வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரமாபாய் அன்றைக்கே கொஞ்சம் பயந்தாள்.

அதன்பிறகு அவர் கண்ணில் பட்ட கட்டணம் எதுவும் கட்டணமாக இருக்கவில்லை. தட்கல் என்றால் அவசரக்காரனுக்கு விலை அதிகம். பிரீமியம் தட்கல் என்றால் அவசரம் ஏற ஏற விலையும் ஏறும். "அப்ப நம்ம அவஸ்தைய எவனோ உள்ள குந்திக்கினு எடை போட்டுக்கினு கீறான்" என்பார். காத்திருப்போர் பட்டியலில் நான்கு வகை இருப்பதைக் கண்டுபிடித்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே வண்டிக்கு, ஒரே பெட்டிக்கு, இடம் கிடைக்காத ஒருவன் இன்னொருவனைவிட எந்த விதத்தில் மேலாக இடம் கிடைக்காதவன்?

மூன்றாம் மாடி லியோனார்ட் ஒருமுறை இவர் பேச்சைக் கேட்டார். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போக எழும்பூரிலிருந்து இடம் கிடைக்கவில்லை. பகலவன் சொன்னார்: "வண்டி வடக்கேருந்து வருது. கூடூர்லருந்து எடு, கன்ஃபார்ம் ஆயிடும். அப்பால ஏறுற எடத்த எழும்பூர்னு மாத்திக்கோ." யோசனையில் பிழையில்லை. இரண்டாம் பாதியைத்தான் லியோனார்ட் மறந்துவிட்டார். கூடூரில் ஏறாவிட்டால் இடம் போய்விடும் என்று பயந்து, பிள்ளை குட்டிகளோடு ஆந்திராவுக்குப் போய், அங்கே ஏறி, அதே தண்டவாளத்தில் திரும்பி வந்தார். கொருக்குப்பேட்டையைத் தாண்டும்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குக் கையசைத்தார். காலையில் வழியனுப்பிய மருமகன் மாலையில் வேகமாகத் தன்னைக் கடந்துபோவதை அந்த அம்மாள் இன்றுவரை யாருக்கும் புரியும்படி விளக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட பகலவனுக்கு ஒரே மகள். பெயர் மகிழினி. திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்காருகிறாள். தன் அம்மாவின் முழங்காலைப் படமெடுக்க அழைத்துவந்த அன்பரசன், முழங்கால் சரியான பிறகும் வந்துகொண்டிருந்தான். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, திருவொற்றியூரில் சொந்த வீடு. இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். இனி இரண்டு வீடும் பேச வேண்டும். அதில்தான் சிக்கல். அன்பரசனின் அம்மா பச்சையம்மா, மகன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் அல்ல. பெண் வீட்டு மனிதர்களை நேரில் பார்த்துப் பிடித்திருந்தால்தான் சரி, பிடிக்கவில்லையென்றால் பேச்சே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

எங்கே பார்ப்பது என்பதில் மூன்று மாதம் போனது. அவர்கள் பக்கத்து வழக்கம், முதல்முறை வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரிப் போய், "அட, நீங்களா!" என்று தற்செயலாகப் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் சாமியைக் கும்பிட்டுவிட்டு அவரவர் வழியில் போகலாம். பெண்ணுக்கும் பேச்சு வராது. ஆனால் பகலவன் வீட்டில் அவர் அப்பா காலத்திலிருந்தே பௌத்தம். கோயில் பழக்கமில்லை.

"புத்த விகாரத்துக்குன்னா வரோம்" என்றாள் ரமாபாய் போனில்.

"அங்க வந்து நான் எந்தப் பக்கம் பாத்துக் கும்புடறது?" என்று கேட்டாள் பச்சையம்மா.

ஹவுசிங் போர்டு வீட்டில் படியேறும்போதே பத்து கதவு திறக்கும். ஓட்டல் என்றால் பில்லை யார் கொடுப்பது என்பதே முதல் சண்டையாகிவிடும். கடைசியில் கொருக்குப்பேட்டை ரயில் நிலையம் என்று முடிவாயிற்று. நிழல் உண்டு, பெஞ்சு உண்டு, இரண்டு குடும்பம் தற்செயலாகச் சந்திப்பதற்கு ரயில்வே பிளாட்ஃபாரத்தைவிட நம்பத்தகுந்த இடம் கிடையாது. இந்த யோசனை தன்னுடையது என்பதைப் பின்னால் இரண்டு வீடுமே மறுத்துவிட்டது.

மகிழினிக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. அப்பாவை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம், ரயில் நிலையத்துக்கு மட்டும் கூடாது. முந்தின நாள் அவரை உட்காரவைத்துச் சொன்னாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு டிக்கெட்டப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது."

"நான் எதுக்குப் பேசப்போறேன்?"

"பேசுவ. போன வாரம் சாவு வூட்ல ஆர்.ஏ.சி. பத்திப் பேசல நீ?"

"அவங்களா கேட்டாங்க."

"பொணத்துப் பக்கத்துல குந்திக்கினு எவன் நைனா கேப்பான்? அந்தம்மாவுக்கு நம்ம வூடு புடிக்கலன்னா எல்லாம் போச்சு. என் மேல ஆணையா சொல்லு."

பகலவன் பௌத்தர், ஆணையிடுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தார். "டிக்கெட்டப் பத்தி வாயே தெறக்க மாட்டேன். போதுமா?" என்றார். சொன்னால் சொன்னதுதான். அவரிடம் உள்ள பெரிய தொல்லையே அதுதான் என்று ரமாபாய் சொல்வாள்.

மறுநாள் மூவரும் நேரத்துக்கு முன்பே நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் இருவரும் வெளியே நிற்க, பகலவன் கவுன்டருக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு தத்துவப் பிரச்சினை காத்திருந்தது.

பிளாட்ஃபாரம் டிக்கெட் பத்து ரூபாய். தண்டையார்பேட்டைக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். போகிறவனுக்கு ஐந்து, போகாமல் நிற்கிறவனுக்குப் பத்து. இதை அவர் பல வருடங்களாக அறிவார். எடைமேடையில்கூட நிற்கிற வண்டிக்குத்தானே எடை என்று ஒருவாறு சமாதானமும் செய்துகொண்டிருந்தார். அன்று அவரைத் தடுத்தது காசு அல்ல. பிளாட்ஃபாரம் டிக்கெட் என்பது யாரையாவது அழைக்கவோ அனுப்பவோ வந்தவனுக்கு. தாங்கள் யாரையும் அழைக்க வரவில்லை, தற்செயலாகச் சந்திக்கப்போகிறோம் என்றுதானே பேச்சு? தற்செயலாகச் சந்திக்கிறவன் எங்கேயோ போகிறவனாக இருக்க வேண்டும். ஆகவே பயண டிக்கெட்தான் நியாயம். எந்த ஊருக்கு? போகப்போவதில்லை என்பதால் அது பொய்தான். பொய் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் முடிந்தவரை குட்டையாகச் சொல்ல வேண்டும்.

"தண்டையார்பேட்டை. மூணு" என்றார்.

வெளியே வந்ததும் ரமாபாய் கேட்டாள்: "பிளாட்ஃபாரம் டிக்கெட்டுதான?"

பகலவன் மகளைப் பார்த்தார். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"இன்னாயா, கேக்குறேன் இல்ல?"

"அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு வாக்கு குடுத்துகீறேன்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டி தண்டையார்பேட்டைக்கு வெளியே சிக்னலில் நின்றுவிட்டதால் அவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். பச்சையம்மா, அவளுடைய அண்ணன் கிருஷ்ணப்பன், பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் அன்பரசன். கிருஷ்ணப்பன் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை போலிருக்கிறது.

"அட, நீங்களா!" என்றாள் ரமாபாய்.

"ஆமாம்மா, இப்பிடி வந்தோம்" என்றாள் பச்சையம்மா. சொல்லிவிட்டுத் திருப்தியாகச் சுற்றிலும் பார்த்தாள். தற்செயல் நன்றாகவே நடந்தது.

இரண்டு பெஞ்சுகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றப்பட்டது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்ததால் முதல் பேச்செல்லாம் சைகையில் நடந்தது. அது போய் முடிந்ததும் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினார்.

"நாங்கலாம் ரிட்டன் டிக்கெட்டு எடுத்துனு வந்துட்டோம். ரிட்டன் எடுத்தா சல்லிசு. தெரியும் இல்ல?"

பகலவனின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. புறநகர் வண்டியில் ரிட்டன் என்பது இரண்டு டிக்கெட்டின் விலைதான். ஒரு பைசா குறையாது. இது தெரியாமல் ஒரு மனிதர் அறுபது வயதைத் தாண்டியிருக்கிறார். பகலவன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். டீயைக் குடித்தார்.

"அது மட்டும் இல்ல, எனக்கு சீனியரு. லோக்கல்ல பாதி டிக்கெட்டு வாங்கலாம். நான்தான் பெரிய மனசு பண்ணி முழுசா வாங்குறேன்."

பகலவன் பிஸ்கட்டை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டார். அப்படி ஒரு சலுகை லோக்கல் வண்டியில் என்றைக்குமே இருந்ததில்லை.

"சீசன் டிக்கெட்டுக்காரன் பொண்டாட்டி ஞாயித்துக்கெழம சும்மாவே போலாம். நெறைய பேருக்கு இது தெரியாது."

தெரியாமலிருப்பதற்குக் காரணம் அது உண்மையில்லை என்பதுதான். பகலவன் இரண்டாவது பிஸ்கட்டையும் போட்டுக்கொண்டார். கண் கலங்கியது. பார்த்தவர்களுக்கு அவர் எதையோ வெறுப்போடு விழுங்குவதுபோல இருந்தது. அது சரியும்கூட.

பச்சையம்மா அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். பெண் சிரித்துப் பேசுகிறாள். அம்மாக்காரி நான்கு முறை டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். இந்த ஆள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாண்ணே, பேசவே மாட்டேன்றீங்க. எங்க புள்ளயப் புடிக்கலியா?"

"புடிச்சிகீதும்மா" என்றார் பகலவன், பிஸ்கட் தூள் பறக்க. மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வூட்டு ஆம்பளைங்க பேசறாங்க, நீங்க மொகத்தத் திருப்பிக்கினு தண்டவாளத்தப் பாத்தா நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

"அவர் சுபாவமே அப்படித்தாங்க, அமைதி" என்றாள் ரமாபாய். இருபத்தைந்து வருடத்தில் அவள் சொன்ன மிகப் பெரிய பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மகிழினிக்குப் புரிந்துவிட்டது. பேசிக் கெடுத்துவிடுவார் என்று பயந்து வாயைக் கட்டினாள். இப்போது அவர் பேசாமலேயே கெடுத்துக்கொண்டிருந்தார். இதற்குள் எண்ணூர்ப் பக்கம் போகும் இரண்டு வண்டிகள் வந்து போய்விட்டன. மூன்றாவது வண்டிக்கான அறிவிப்பு வரும்போது, பெஞ்சுகளுக்கு எதிரே கருப்புக் கோட்டுப் போட்ட பெண் பரிசோதகர் ஒருவர் வந்து நின்றார். மார்பில் ஃப்ளோரன்ஸ் என்று பெயர்.

"டிக்கெட் காட்டுங்க."

கிருஷ்ணப்பன் மூன்று ரிட்டன் டிக்கெட்டை விசிறிபோல விரித்துக் காட்டினார். பகலவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஃப்ளோரன்ஸ் படித்தார்.

"தண்டையார்பேட்டையா? எடுத்து எவ்ளோ நேரம் ஆகுது! நடுவுல ரெண்டு வண்டி போச்சே, ஏன் ஏறல?"

பகலவன் மகளைப் பார்த்தார்.

"சார், உங்களத்தான் கேக்குறேன்."

பகலவன் மறுபடி மகளைப் பார்த்தார். கை கால் கட்டப்பட்டு வாயில் துணி வைக்கப்பட்ட மனிதன் அப்படித்தான் பார்ப்பான்.

"பேசு நைனா" என்றாள் மகிழினி. "வாக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேசித் தொல."

அணை திறந்தது.

"மேடம், நாங்க பயணிங்க. போகாத பயணிங்க. பிளாட்ஃபாரம் டிக்கெட்டு எடுத்தா யாரையோ பாக்க வந்தோம்னு ஆவுது. நாங்க யாரையும் பாக்க வரல, தற்செயலா வந்தோம். தற்செயலா வரவனுக்குன்னு உங்ககிட்ட தனியா டிக்கெட்டு இல்ல. இருந்தா அதத்தான் எடுத்திருப்பேன், இருபது ரூபான்னாலும் எடுத்திருப்பேன். இல்லாததால கிட்டத்துல கீற ஊருக்கு..."

"பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் ஃப்ளோரன்ஸ்.

"இல்ல" என்றார்கள் ஆறு பேரும்.

கிருஷ்ணப்பன் தொடையில் தட்டினார். "அடப் பாவி! பத்து ரூபா டிக்கெட்டுக்குப் பதிலா அஞ்சு ரூபா டிக்கெட்டு! பொண்ணக் காட்டற எடத்துலயே மிச்சம் புடிச்சிகீறான்யா! பச்ச, எந்திரிம்மா. இந்தக் கஞ்சன் வூட்ல கை நனைக்க வேணாம்."

பச்சையம்மா எழவில்லை. ஆனால் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மகிழினி அந்தப் பையைப் பார்த்தாள்.

ஃப்ளோரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், இந்த டிக்கெட் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள வண்டி ஏறணும். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. இதோ வண்டி வருது. ஏறினா நீங்க பயணி. ஏறலன்னா அபராதம். நல்ல காரியமா வந்திருக்கீங்க, அதான் சொல்றேன்."

"நாங்க நல்ல காரியமா வரல, தற்செயலா..." என்று பகலவன் ஆரம்பிக்க, ரமாபாய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏறுயா!"

அவர்கள் ஏறினார்கள். வீட்டுக்குப் போக ஆயத்தமாகிவிட்ட கிருஷ்ணப்பனும் அதே வண்டியில்தான் ஏற வேண்டியிருந்தது. அவருடைய ரிட்டனும் அந்தப் பக்கம்தான். ஃப்ளோரன்ஸுக்கும் அடுத்த சோதனை அங்கேதான். ஆக, முறிந்துபோன சம்பந்தம் முழுவதும், அதைச் சோதித்த அதிகாரியோடு, ஒரே பெட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தது. அடுத்த நிலையம் தண்டையார்பேட்டை. அதற்குள் ஏதாவது நடந்தால்தான் உண்டு.

வண்டி கிளம்பியது, கொஞ்ச தூரம் போனது, அங்கிருந்த வேறொரு கன்டெய்னர் யார்டின் சுவரோரம் சிக்னலில் நின்றது. அந்த இடத்தில் நிற்காத வண்டியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரிட்டன் சல்லிசு இல்ல" என்றார் பகலவன் திடீரென்று.

"இன்னா?" என்றார் கிருஷ்ணப்பன்.

"ரிட்டன். சல்லிசு இல்ல. போக அஞ்சு, வர அஞ்சு, ரிட்டன் பத்து. நீங்க சொன்னதுலருந்து என் நெஞ்சு எரிஞ்சிகினு கீது. சீனியருக்குப் பாதியும் இல்ல. சீசன் டிக்கெட்டுக்காரன் சம்சாரம் ஞாயித்துக்கெழம சும்மா போனா இந்த மேடம் புடிச்சிப்பாங்க. கேளுங்க."

"புடிப்பேன்" என்றார் ஃப்ளோரன்ஸ்.

கிருஷ்ணப்பன் தன் டிக்கெட்டை எடுத்து, முதல்முறையாக அதிலிருந்த விலையைப் படித்தார். "நாப்பது வருஷமா எடுக்குறேன்யா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"இதத்தான் இவ்ளோ நேரம் மென்னுகினு இருந்தீங்களா?" என்று கேட்டாள் பச்சையம்மா. "நான் என் புள்ளயப் புடிக்கலன்னு நெனச்சேன்."

"நான்தாம்மா பேச வேணாம்னேன்" என்றாள் மகிழினி. "டிக்கெட்டப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. உங்களுக்குப் புடிக்காதுன்னு..."

அன்பரசன் அந்த நேரத்தில்தான் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தான். வருங்கால மாமனாரைக் குளிரவைக்கும் ஆசை.

"மாமா, ஆர்.ஏ.சி.ன்னா இன்னா மாமா?"

மகிழினி அவன் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது.

"அது பெரிய அநியாயம் மாப்ள! டிக்கெட்டு உண்டு, எடம் உண்டு, படுக்க முடியாது. ஒருத்தர் படுக்குற எடத்துல ரெண்டு பேர். முன்னபின்ன தெரியாத ஒருத்தன்கூட காலு எங்க வெக்கறதுன்னு தெரியாம விடிய விடிய குந்திக்கினு வரணும். இவன் எப்ப எறங்குவான்னு அவனும், அவன் எப்ப எறங்குவான்னு இவனும். ஆனா காசு மட்டும் முழு படுக்கைக்கு!"

"அதுக்குப் பேருதாண்ணே கல்யாணம்" என்றாள் பச்சையம்மா.

ரமாபாய் சிரித்த சிரிப்பில் ஃபிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது. ஃப்ளோரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பச்சையம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த பையைப் பக்கத்தில் வைத்தாள்.

"தற்செயலா ஸ்டேஷன்ல பாத்தது போதும். வூட்டுக்கு வாங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்."

அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு வா என்றால் சரி என்று பொருள். வராமல் போனால் வேண்டாம் என்று பொருள். மகிழினி மூச்சை விட்டாள். சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்து தண்டையார்பேட்டைக்குள் நுழைந்தது.

பகலவன் எழுந்து கதவருகே போனார்.

"எங்கண்ணே போறீங்க?"

"எறங்கணும். டிக்கெட்டு இதுவரைக்கும்தான்."

பச்சையம்மாவின் முகம் மாறியது. "வூட்டுக்குக் கூப்புடறேன், எறங்குறேன்றீங்களே."

"அடுத்த வண்டிக்குப் புதுசா எடுத்துனு வந்துடறோம்மா."

"கூப்ட்ட உடனே வரணும். பாதியில எறங்கிட்டு அப்பால வர்றது எங்க வழக்கத்துல இல்ல. அது நல்லதுமில்ல."

ஃப்ளோரன்ஸ் எழுந்து வந்தார். "சார், திருவொற்றியூருக்கும் இதே அஞ்சு ரூபாதான். போய் உக்காருங்க."

"அதே அஞ்சு ரூபாதான் மேடம். ஆனா நான் கேட்டது தண்டையார்பேட்டை. முன்னாலயே சொல்றேன், மேற்கொண்டு போறேன். வித்தியாசம் எவ்ளோவோ அதப் போட்டு எழுதிக் குடுங்க."

"வித்தியாசம் ஒண்ணுமில்லயே."

"அப்ப ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுங்க."

"சைபருக்கு ரசீது எழுத முடியாது சார். நான் எழுதினா அபராதத்தோடதான் எழுத முடியும். விடுங்க, நான் உங்களப் பாக்கல."

"நீங்க பாக்கல மேடம். நான் பாத்துகினு கீறேன் இல்ல."

வண்டி நின்றுவிட்டது. தண்டையார்பேட்டையில் அது நிற்பது ஒரு தும்மல் நேரம். பகலவனின் ஒரு கால் பெட்டியில், இன்னொரு கால் படியில். மகிழினி எழுந்து வந்தாள். கெஞ்சவில்லை.

"நைனா. நீ எறங்குறதுன்னா எறங்கிக்கோ. நான் எறங்க மாட்டேன்."

பகலவன் படியிலிருந்த காலைப் பார்த்தார். எடைமேடையில் சில டிரைவர்கள் முன்சக்கரத்தை ஏற்றி, பின்சக்கரத்தைத் தரையிலேயே விட்டுவிடுவார்கள். எண் ஓடிக்கொண்டே இருக்கும், எதிலும் நிலைக்காது. "முழுசா ஏறு, இல்ல எறங்கிப் போ" என்று ஒலிபெருக்கியில் கத்துவார். தினமும் பலமுறை கத்துகிற வாக்கியம். அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள இதுவரை சந்தர்ப்பம் வந்ததில்லை.

வண்டி குலுங்கியது. காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"அபராதம் எழுதுங்க மேடம்."

"சார், வேணாம்னு சொல்றேன்."

"எழுதுங்க. மூணு பேருக்கு."

"எனக்கு வேணாம்யா, நான் சும்மா வரேன்" என்றாள் ரமாபாய். அவளை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஃப்ளோரன்ஸ், பிடிபட்டவர்கள் அழுது பார்த்திருக்கிறார், ஓடிப் பார்த்திருக்கிறார். வரிசையில் நின்று கேட்டு வாங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறார். பேனாவை எடுத்தார். "எதுவரைக்கும்?"

"திருவொற்றியூர்" என்றார் பகலவன் தெளிவாக. எண்ணிக் கொடுத்த நோட்டுகள், மூன்று பேர் ஒரு வருடம் பிளாட்ஃபாரத்தில் உட்காரப் போதுமானவை இல்லாவிட்டாலும், மாப்பிள்ளை வீட்டு வயிறு எரியப் போதுமானவை.

ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஏறிய இடம், இறங்கும் இடம், ஆள் எண்ணிக்கை, கையெழுத்து. ஒரு டிக்கெட்டில் இருக்க வேண்டியவை எல்லாம் இருந்தன. ஜோலார்பேட்டை வண்டியில் வாங்கியபோது கோபத்தில் இதைப் படிக்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "இதுவும் ஒரு டிக்கெட்டுதான்யா" என்று ரமாபாயிடம் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணப்பன் தங்கையின் பக்கம் சாய்ந்தார். "கஞ்சன்னு நெனச்சேன் பச்ச."

"கஞ்சன் இல்லண்ணா, பைத்தியம்" என்றாள் பச்சையம்மா, குரலைத் தாழ்த்தாமலேயே. "கஞ்சனோடதான் கஷ்டம். பைத்தியத்த சமாளிச்சிக்கலாம். நான் உன்னச் சமாளிக்கல?"

பிறகு ஃப்ளோரன்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "ஏம்மா, அவங்க திரும்பிப் போகணும் இல்ல. அதுலயே ரிட்டன் போட்டுக் குடுத்துடேன்."

"அபராதத்துக்கு ரிட்டன் கெடையாதும்மா."

பகலவன் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிருஷ்ணப்பனைப் பார்த்தார். பேசக் கூடாது என்றுதான் நினைத்தார்.

"ரிட்டன் இருந்தாலும் சல்லிசு கெடையாது" என்றார்.